எந்திரம் எடை போட்ட பஞ்சாமிர்தம்

எனக்கு அடிக்கடி முகம் சிவந்தது. வயிறும் ஓயாமல் போனது. குடலில் சின்னப் புற்றுநோய்க் கட்டி இருக்கலாம் என்று மதுரை டாக்டர் சந்தேகப்பட்டார். இருந்தால் அது சுரக்கும் பொருளின் கழிவு சிறுநீரில் இறங்குமாம். ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் சேர்த்துத் தரச் சொன்னார். அதுவரை என்னிடம் யாரும் விரும்பிக் கேட்டது எங்கள் மலையில் நான் விளைவிக்கும் வில்பட்டிப் பூண்டை மட்டும்தான்.

"மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்னு ஒரு மெஷின். மூலக்கூறு மூலக்கூறா எடை பாத்துப் பிரிச்சுரும். கேனைக் குடுக்குற வரைக்கும் வாழைப்பழம், தக்காளி, பட்டர் ஃப்ரூட் தொடக் கூடாது," என்றார்.

அதையெல்லாம் விட்டால் மலைக்காரனுக்கு மிஞ்சுவது பனிதான். ஆனாலும் தோட்டத்து வாழைத்தாரை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

என் மனைவி பயத்தில் காட்டுப்பாதை வழியே பழனிக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுவந்த பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?

முடிவு வந்தது. அந்தக் கழிவின் அளவு எக்கச்சக்கம். அன்று அவள் என்னைத் திட்டவே இல்லை. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான்.

"மெஷின் தப்பா எடை போட்டிருக்கும் டாக்டர்," என்றேன். "பூண்டு மண்டித் தராசை நான் பாக்காததா?"

"எடை சரிதாங்க. ஆனா அந்தப் பொருள் கட்டியில இருந்து வந்துச்சா, சாப்பாட்டுல இருந்து வந்துச்சான்னு மெஷினுக்குத் தெரியாது. வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

மனைவி எனக்கு நற்சான்று கொடுத்தாள். "பழத்தைத் தொடவே இல்லைங்க டாக்டர். காலையும் சாயந்திரமும் பஞ்சாமிர்தம் மட்டுந்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை எதுலம்மா செய்யிறாங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மலை வாழைப்பழத்தைப் பிசைந்துதான்.

"அது பிரசாதங்க," என்றேன் மெதுவாக.

"மெஷினுக்கு அது தெரியாதே."

மறுபடியும் கேன், கூடவே ஒரு ஸ்கேன். இந்த முறை சாமியிடம் தவணை கேட்டு, வெறும் மோர்ச்சோற்றில் காலம் தள்ளினேன். பத்தியம் சுலபம், முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அந்தச் சோறும் இறங்கவில்லை.

"அளவு சரியா இருக்குங்க. ஸ்கேனும் சுத்தம். அந்தக் கட்டி இல்லை," என்றார் டாக்டர். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டேன்:

"அப்ப வயிறு ஏன் டாக்டர் இப்படிப் போகுது?"

"அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு," என்று இழுப்பறையைத் திறந்து, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினார். அதில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.