இரண்டு காய் ஜகாத்

அந்த நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் ஏலக்காய் மணக்காத மூலையே கிடையாது. ஆனால் ஏலக்காய் என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அத்தா, அதாவது அப்பா, கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் வெளுத்து, எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொள்வார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உத்தமபாளையத்தில் அத்தா ஒரு சின்ன ஏலக்காய் வியாபாரி. கம்பமெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் காயைக் கடனுக்கு வாங்கி வந்து, தரம் பிரித்து விற்று, பிறகு பணம் கொடுப்பார். அந்த வருடம் விலை உச்சத்தில் இருந்தபோது, இன்னும் ஏறும் என்று நம்பி நிறைய வாங்கிவிட்டார். அவர் நம்பியது விலைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இறங்கியது. மூட்டைகள் நடு அறையில் அடுக்கடுக்காக ஏறி நின்றன. நாங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

அத்தா போனை எடுப்பதை நிறுத்தினார். அது அடித்தால் மேலே தலையணையை வைத்து அமுக்கிவிடுவார். தலையணைக்கு அடியில் அது முனகுவதைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் தினமும் நோன்பு திறந்தோம். கடன் எவ்வளவு என்று அம்மா கேட்டால் "நெறைய" என்பார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பார். இந்த இரண்டைத் தவிர அவரிடம் வேறு கணக்கே இல்லை. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நானும் என் பங்குக்கு எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதி நோட்டில் இடத்தை மிச்சம் பிடித்தேன். பிள்ளைக்குக் கண் பார்வையைச் சோதித்துப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். கண்ணாடிக்கு ஆகும் செலவை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் மதியத் தொழுகை முடிந்து வந்த அத்தா, சாயங்காலம் போடியிலிருந்து ஒரு வியாபாரி வருவதாகச் சொன்னார். மூட்டை அத்தனையையும் அந்த ஆள் மொத்தமாக அள்ளிக்கொள்வாராம். இறங்கிக் கிடந்த சந்தை விலையில் பாதிகூடத் தேறாது.

"பாதியோ காலோ, மூட்டை என் கண்ணுல படாமப் போனாப் போதும்" என்றார் அத்தா.

அம்மா கஞ்சிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "குடுங்க, நான் வேணாங்கல. ஆனா ஜகாத் கணக்குப் பாத்துட்டுக் குடுங்க. வருசம் திரும்பிருச்சுல்ல" என்றாள்.

ஜகாத் என்பது எங்களுக்குக் கடமை. வருடத்துக்கு ஒரு முறை, கையிலும் கடையிலும் இருப்பதைக் கூட்டி, அதில் கடனைக் கழித்து, மிஞ்சுவது ஓர் அளவுக்கு மேல் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அத்தா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். கேட்க நன்றாக இல்லை. "எனக்கு எவனாச்சும் ஜகாத் குடுத்தாத்தேன் உண்டு."

"சரி, வாங்கிக்கிருவோம். வாங்குறதுக்கும் கணக்கு வேணும்ல?"

அம்மா பாயை விரித்தாள். வெளுத்து வாய் பிளந்ததென்று கழித்துப் போட்டிருந்த காய்களை முறத்தோடு கொண்டுவந்து வைத்தாள். ஒரு காய் ஆயிரம் ரூபாய். பாயில் இந்தப் பக்கம் கொடுக்க வேண்டியது, அந்தப் பக்கம் இருப்பது. எண்ணி வைக்கிற வேலை எனக்கு. வீட்டில் நோன்பு வைக்காத ஆள் நான் ஒருத்திதான் என்பதால், "ஏ புள்ள, வாயில போட்டுறாத" என்று எச்சரிக்கையும் கிடைத்தது.

"யார் யாருக்குக் குடுக்கணும்? பேரச் சொல்லுங்க."

அத்தா பாயின் ஓரத்தில் ஒரு கோரையைப் பிய்த்தார். பிறகு, "வண்டன்மேட்டுச் சேட்டன்" என்றார். தொகையைச் சொன்னார். நான் எண்ணி வைத்தேன். அடுத்து இன்னும் இரண்டு தோட்டக்காரர்கள், வண்டி வாடகை, அத்தாவின் அண்ணனான பெரியத்தாவிடம் வாங்கிய கைமாற்று. அம்மா திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். குவியல் ஏறிக்கொண்டே போனது.

"அப்புறம்?"

அத்தா வாயைத் திறந்தார். மூடினார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அவ்வளவுதேன்" என்றார். சொன்னவருக்கே அதை நம்ப முடியவில்லை. நான் அசந்துபோய்ப் பார்த்தேன். ஒரு மாதமாக எங்கள் வீட்டையே அடைத்துக்கொண்டிருந்த அந்த "நெறைய", பாயில் அரைப்படி காய்கூட இல்லை. என் இரண்டு கைகளாலும் அணைத்துவிடலாம் போல இருந்தது.

"இப்ப மூட்டைக்கு வெல போடுங்க. வாங்குன வெல வேணாம். இன்னைக்கு வெல என்னவோ அது" என்றாள் அம்மா. அத்தா பெருமூச்சு விட்டுக்கொண்டே போட்டார். கம்பத்துக் கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கியைச் சொல்லும்போது கையை விரித்தார். "அதெல்லாம் வந்த மாதிரித்தேன்."

"நீங்க போன எடுத்தாத்தான வரும்? ஸ்வீட் கடைக்காரக அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, நேத்து ஆளே அனுப்பிட்டாக. பணம் ரெடியா இருக்காம், வந்து வாங்கிக்கிறச் சொன்னாக."

கடன்காரர்களுக்குப் பயந்து தலையணையால் அமுக்கியதில், பணம் தருகிறேன் என்று கூப்பிட்ட மனிதரையும் சேர்த்து அமுக்கியிருந்தார் அத்தா. அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்ததும் அடக்கிக்கொண்டேன். அந்தச் சூட்டிலேயே அத்தாவின் பார்வை அம்மாவின் கழுத்துப் பக்கம் போனது. "என் நகை என் கணக்கு. அத இதுல சேக்காதீக" என்றாள் அம்மா.

பிறகு இரண்டு குவியலிலிருந்தும் ஒன்றுக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். கடன் பக்கம் பாய் வெறுமையாகிவிட்டது. இருப்புப் பக்கம் காய் மிச்சம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கைப்பிடி. அத்தா என்னை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எண்பது காய். எவ்வளவு வெள்ளியின் மதிப்புக்கு மேல் இருந்தால் ஜகாத் கடமை என்பதை அம்மா பள்ளிவாசல் ஹஜரத் வீட்டில் முன்பே கேட்டு வைத்திருந்தாள். அந்தக் கைப்பிடி அதைத் தாண்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு காயை எடுத்து அத்தாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நானா குடுக்கணும்?" என்றார் அத்தா.

"நீங்கதேன் குடுக்கணும்."

அத்தா அந்த இரண்டு காயையும் மூடிப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையோடு சிரித்தார். "நான் குடுக்குற ஆளுடி!" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பாய் ஓரத்திலேயே, தொழுகையில் விழுவதுபோல நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி ஆனதை நான் பார்த்ததே இல்லை.

எழுந்ததும் போனை எடுத்து, போடி வியாபாரியை வரவேண்டாம் என்றார். அடுத்ததாகச் சேட்டனைக் கூப்பிட்டார். "சேட்டா, பைசா தராம். கொறச்சு கொறச்சு தராம்" என்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவதாகத் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு போய், ஸ்வீட் கடைப் பாக்கியை வாங்கி, அதிலிருந்து அடுத்த தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாளிடம் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தார். விலை அந்த வருடம் ஏறவே இல்லை. மூட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் கடனை அடைக்க மறு வருடமும் ஆனது.

ஆனால் அன்றைக்கு, கொடுத்துவிட்டு வந்தவர் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் போன் அடித்து ஓய்ந்தது. அவர் அசையவில்லை.

நான் சமையலறைக்கு ஓடினேன். "கடன் அப்படியே இருக்கு. இருந்த துட்டுலயும் ரெண்டாயிரம் போயிருச்சு. அத்தா எப்படிம்மா தூங்குறாக?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு, எந்திரிச்சுருவாக" என்று சொல்லிவிட்டு அம்மா கஞ்சியைக் கிண்டினாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பணம் போன கவலையில் அத்தாவுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பூனை போலப் போய், அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.