தணிகாசலம் அழித்த நூற்று முப்பத்தெட்டு எண்கள்

தணிகாசலம் ஒரே வருஷத்தில் இரண்டு வேலைகளை யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்து முடித்தான். இரண்டாவது வேலை முதல் வேலையைச் சுத்தமாக அழித்துவிட்டது என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் சற்று உள்ளே தள்ளி இருக்கும் நெல்லிவாக்கத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. வரலாறு படித்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டை வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குப் பதில்தான் வரவில்லை. மறைமலை நகரில் ஒரு கம்பெனி வாசலில் நின்று பார்த்தான். காவலாளி சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஐ.டி.ஐ. இல்லியா? சோழன், பாண்டியனை வச்சிக்கினு இங்க இன்னா பண்றது?” என்றார். அதே கேள்வியைத் தணிகாசலம் தனக்குத்தானே பலமுறை கேட்டிருந்ததால் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து சும்மா கிடந்த சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டான்.

1990 கோடையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு எண் போடும் வேலை வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, கணக்கெடுப்புப் பொறுப்பில் இருந்த ஞானம்மா டீச்சர் அவனைத்தான் கூப்பிட்டார். காவியைக் குழைத்து, வாசற்கதவுக்கு வலப்பக்கச் சுவரில், நூற்று முப்பத்தெட்டு வீடுகளுக்கும் ஒரே அளவில், ஒரே சாய்வில் எழுதினான். ராஜராஜன் காலத்து நில அளவை பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு ஒன்பது வாங்கியவன் அவன். ஊரை அளக்கும் வேலையில் தனக்கும் ஒரு கை இருக்கிறது என்று உள்ளுக்குள் மிதப்பாகவே இருந்தது.

பிறகு பொங்கல் வந்தது. ஊரே வெள்ளையடித்தது. அடித்தவன் தணிகாசலம்.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், டீச்சர் கையில் பட்டியலோடு தெருவின் நடுவே நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சுவரெல்லாம் பால் மாதிரி இருந்தது.

“தணிகாசலம், நம்பரெல்லாம் எங்கப்பா?”

தணிகாசலமும் பார்த்தான். வாளி கையிலிருந்து நழுவியது.

“அடிச்சிட்டேன் டீச்சர்.”

“எல்லாத்தையுமா?”

“ரெண்டு கோட்டிங்.”

“அடிக்கச்சொல்ல கண்ணுக்குத் தெரியலியா?”

“தெரிஞ்சுது டீச்சர். காவி எட்டிப் பாத்துக்கினே இருந்துச்சு. அதனாலதான் ரெண்டு கோட்டிங்.”

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். சனிக்கிழமை கணக்கெடுப்பு தொடக்கம். மேற்பார்வைக்கு வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. தமிழ்வாணன் வருகிறார். பட்டியலில் உள்ள எண் சுவரில் இல்லையென்றால் டீச்சருக்கு மெமோ.

“என்கிட்ட பட்டியல் இருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி எழுதிடு. ஒரு நம்பர்கூட மாறக்கூடாது.”

புதுச் சுண்ணாம்பின் மேல் காவியை வைக்க யாரும் லேசில் விடவில்லை. வாடகைக்கு ரூம் விட்டிருந்த திருமலை, “பொங்கலுக்கு அடிச்சது மாசி வரைக்குமாவது வெள்ளையா இருக்கட்டுமேடா” என்று கெஞ்சினார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகும் பையன், “அண்ணே, நம்பர பெருசா போடுங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வாறப்ப எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கு. முந்தாநேத்து வேற வீட்டுக் கதவத் தட்டி ஏச்சு வாங்கிட்டேன்” என்றான். தணிகாசலம் ஆளுக்கு ஒரு சமாதானம் சொல்லி, வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நூற்று முப்பத்தேழு எண்களை எழுதிவிட்டான்.

மிச்சம் ஒன்றே ஒன்று: எட்டு. எட்டாம் எண் வீடு பஞ்சாயத்துத் தலைவர் எல்லப்பனுடையது.

ஊரில் புதிதாக ஒரு தண்ணீர் டேங்க் எழும்பியிருந்தது. காலையிலும் மாலையிலும் மோட்டார் போட்டு வால்வு திறக்க ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளம், பஞ்சாயத்து ஊழியர் என்ற பெயர். அந்த வேலையைத் தணிகாசலத்துக்குத் தருவதாக எல்லப்பன் தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு பி.ஏ. தேவையில்லைதான். ஆனால் பி.ஏ.வுக்கு அந்த வேலை மிகவும் தேவைப்பட்டது.

காவி டப்பாவைப் பார்த்ததும் எல்லப்பன் எழுந்து நின்றார்.

“டேய், அந்த நம்பர் என் வூட்டாண்ட வரக்கூடாது. அது வந்த மாசமே போர்ல தண்ணி நின்னுச்சு. அடுத்த மாசம் பொண்ணுக்குப் பேசி வச்ச சம்பந்தம் பூட்ச்சு. காஞ்சிபுரத்துல நம்பர் பாக்குறவரு சொல்லிட்டாரு, எட்டு எனக்கு ஆகாதாம். அதனாலதான உன்ன கார்த்திகைக்கே கூட்டாந்து வெள்ளையடிக்கச் சொன்னேன்?”

“டீச்சர் பட்டியல்ல எட்டுன்னு கீது தலைவரே.”

“ஒம்பது போடு.”

“ஒம்பது பக்கத்து வூடு.”

“அவனுக்கு எட்டு போடு. அவன்கிட்ட கெட்டுப்போறதுக்கு இன்னா கீது?”

“ஆர்.ஐ. வர்றாரு தலைவரே. மாத்தினா டீச்சருக்கு மெமோ.”

எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். அது அவர் கத்துவதைவிட மோசம். “எட்டு என் சுவத்துல ஏறுச்சின்னா, நீ டேங்க்ல ஏற மாட்டே. போய் யோசி.”

தணிகாசலம் போய் யோசித்தான். எழுதாவிட்டால் டீச்சர் மாட்டுவார். எழுதினால் இவன் மாட்டுவான். மூன்று வருஷம் படித்த வரலாற்றில் இந்த நிலைமைக்கு ஓர் உதாரணமாவது இருக்கிறதா என்று தேடினான். இக்கட்டில் மாட்டிய மந்திரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் உருப்படியாகத் தப்பித்ததாகத் தெரியவில்லை. அப்புறம்தான் கதவு நினைவுக்கு வந்தது.

எல்லப்பன் வீட்டுக் கதவு இரட்டைக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. விடிந்தால் திறந்து, படுக்கும்போதுதான் சாத்துவார்கள். சுவரை விட்டுவிட்டுக் கதவின் வெளிப்பக்கத்தில் எழுதினால்? திறந்திருக்கும் வரை எட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்.

எல்லப்பன் இதைக் கேட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். “அப்ப எட்டு ராத்திரிதான் வெளிய வரும்?”

“நீங்க தூங்கிட்டிருப்பீங்க.”

“தூங்கறவனுக்கு நேரமாவது, காலமாவது. எழுது!” என்றார். “படிச்சவன் படிச்சவன்தாண்டா.”

சனிக்கிழமை ஆர்.ஐ. வரும்போது கதவை ஒரு நிமிஷம் சாத்தி, எண்ணைக் காட்டிவிட்டுத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் எல்லப்பன் அதற்கு மேலும் தானாக ஒன்று யோசித்தார். எட்டு எதிரே இருக்கும்போது வாசலில் நின்று பதில் சொன்னால் அதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஆர்.ஐ. தெருவைத் தாண்டும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. பிறகு பஞ்சாயத்து ஆபீஸில் வைத்து எழுதிக்கொள்ளலாம். குடும்பத்தையே உள்ளே தள்ளித் தாழ் போட்டுக்கொண்டார். இதைத் தணிகாசலத்திடம் சொல்லவில்லை.

ஆர்.ஐ. ஏழு வீடு முடித்து எட்டாவதுக்கு வந்தார். “நம்பர் ஏன் கதவுல இருக்கு?”

“சுவரு ஈரம் சார்” என்றான் தணிகாசலம், வெயிலில் வியர்த்தபடி.

ஆர்.ஐ. தட்டினார். பதிலில்லை. டீச்சர் தட்டினார். பதிலில்லை. தணிகாசலம் தட்டி, “தலைவரே, ஒரு நிமிஷம் ஆயிடுச்சு” என்றான். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. உடனே அதட்டல் ஒன்று கேட்டது. மறுபடி அமைதி.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு தலைகூட விட்டுப்போகக் கூடாது, ஆயிரம் தாண்டினால்தான் ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்க முடியும் என்று ஒரு மாதமாக வீடு வீடாகச் சொல்லிவந்தவரின் வீடு அது.

“டீச்சர், எழுதிக்குங்க” என்றார் ஆர்.ஐ. “எட்டாம் நம்பர். ஆளில்லாத வீடு. அப்புறம் வந்து பாத்துக்கலாம்.”

டீச்சரின் பேனா தாளைத் தொடுவதற்குள் கதவு படாரென்று திறந்தது. எல்லப்பனின் மனைவி சந்திரம்மாள் கையில் கரண்டியோடு நின்றார். பின்னால் நின்ற எல்லப்பன் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“யார்யா அது ஆளில்லாத வூடுன்னு எழுதறது? விளக்கு வைக்கிற வூடு இது! பதினோரு உசுரு உள்ள குந்திக்கினு கீறோம். நல்ல நாளும் அதுவுமா வாயில வர்ற வார்த்தையா அது?”

“தட்டினோம்மா. யாரும் திறக்கல. அதான்...” என்றார் ஆர்.ஐ.

“எப்படித் திறக்கறது? இந்த மனுஷன் எட்டு எட்டுன்னு எல்லார் வாயையும் பொத்திட்டாரு.” சந்திரம்மாள் கணவன் பக்கம் திரும்பினார். “எட்டுனா போர் வத்தும். ஆளில்லாத வூடுன்னு சர்க்கார் நோட்டுல ஏறினா இன்னா ஆவும்? அதையும் காஞ்சிபுரத்துல கேட்டியா?”

எல்லப்பன் இதைக் கேட்டிருக்கவில்லை. அவர் முகம் வெளுத்த வெளுப்பைப் பார்த்தால் தணிகாசலம் இரண்டு கோட்டிங் அடித்த மாதிரி இருந்தது. அவசரமாக வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி, “எட்டாம் நம்பர் வூட்ல பதினோரு பேரு! பதினொண்ணு! ஒண்ணு குறையாம எழுதிக்குங்க சார்!” என்று கத்தினார்.

டீச்சர் குனிந்து எழுதினார். அவர் தோள் குலுங்கியதைத் தணிகாசலம் மட்டும் பார்த்தான். பதினோரு பெயர்களும் ஏறியபிறகு ஆர்.ஐ. தன் படிவத்தைப் புரட்டினார்.

“எண் எழுதினவர் யாரு? பெயர், பதவி சொல்லுங்க.”

“தணிகாசலம், பி.ஏ.” என்றான் அவன்.

“அது படிப்பு. பதவி என்ன?”

அட்டை கொடுத்த ஆபீஸிலும், கம்பெனி வாசலிலும், ராத்திரி படுத்தபிறகு தனக்குள்ளேயும் கேட்ட கேள்விதான். நடுத்தெருவில், வெயிலில், இத்தனை பேருக்கு முன்னால் கேட்டபோது மட்டும் அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தது.

“இவனா? யாரோ வெள்ளையடிக்கிறவன்” என்றார் எல்லப்பன் கடுப்போடு.

“யாரோ ஒருத்தர் வந்து அரசாங்க நம்பரை எழுதினாரா? தலைவர் நீங்க, எப்படி விட்டீங்க? அப்ப விளக்கம் எழுதிக் குடுங்க.”

எல்லப்பன் விளக்கம் என்ற சொல்லைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். ஞானம்மா டீச்சர் படிவத்தை மெதுவாக வாங்கி, ‘டேங்க் ஆபரேட்டர், நெல்லிவாக்கம் ஊராட்சி’ என்று எழுதி, பேனாவைத் தலைவரிடம் நீட்டினார்.

“நீங்கதான தலைவரே தீபாவளியில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கீங்க. இங்க ஒரு கையெழுத்து.”

எல்லப்பன் பேனாவைப் பார்த்தார். ஆர்.ஐ.யைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆர்.ஐ. ஒன்பதாம் எண்ணுக்குப் போய்விட்டார். தணிகாசலம் அந்தப் படிவத்தைத் தலைகீழாகவாவது இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டான். அது டீச்சரின் பைக்குள் போய்விட்டது. இந்த வேலைக்காகத்தானா அத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கினோம் என்று மனசுக்குள் ஒரு குரல் ஆரம்பித்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அதை உட்கார வைத்தான்.

“இன்னா நிக்கிற?” என்றார் சந்திரம்மாள். “கதவுல வேணாம். கதவத் திறந்தா வூடே தொலைஞ்சிபோவுது. சுவத்துல எழுது.”

அவன் காவி டப்பாவைத் திறந்தான். எல்லப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

“கொஞ்சம் சின்னதா எழுதேண்டா.”

“எல்லாம் ஒரே அளவு தலைவரே” என்று சொல்லிவிட்டு, டேங்க் ஆபரேட்டர் தணிகாசலம் வெள்ளைச் சுவரில் எழுத ஆரம்பித்தான்.