வாசல்காரரின் வெள்ளைக் கோட்டு

அவரைச் சம்மட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மாடு அறுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கொம்புகளுக்கு நடுவே ஒரே அடி. மாடு முன்னங்கால் மடிந்து சரியும். ஞாயிறு வேலை காலை எட்டு மணிக்கு முடியும். குழாயடியில் தேய்த்துக் குளித்து, காகிதத்தில் சுற்றி வைத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டரை மணி ஆராதனைக்கு ஐந்து நிமிடம் முன்னால் தேவாலயப் படி ஏறிவிடுவார்.

வாசலில் ஒரு விதிப்பலகை தொங்கியது. நாலாவது விதி: ஆண்கள் கறையில்லாத வெள்ளை மேலாடையில் வரவேண்டும். அதைக் காக்க வாசல்காரர் ஒருவர் இருந்தார். முன்பு சிறைக் காவலர். வெள்ளைக் கோட்டு, கையில் பித்தளைப் பூண் போட்ட பிரம்பு. கதவுக்கு உள்பக்கம் வருகைப் பதிவேட்டோடு நான்.

சம்மட்டியின் முதல் குழந்தை பதினோராம் நாள் இறந்தது. இரண்டாவது இருபத்து மூன்றாம் நாள். இரண்டுக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே எங்கள் சபையில் அது நடக்கும், தகப்பன்தான் ஏந்திக் கொடுக்கவேண்டும். மூன்றாவது குழந்தைக்கு அப்படி ஒரு முதல் ஞாயிறு அன்று இருபத்தொன்பதாம் நாள். இருமல் வேறு.

அன்று ஏழு நாற்பதுக்கு ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டது. தோலுரிப்பவரைச் சுவரோடு சேர்த்துத் தொடையில் குத்தியது. சம்மட்டியின் முதல் அடியில் கொம்பு முறிந்தது, இரண்டாவதில் கண் போனது, மூன்றாவதில்தான் விழுந்தது. விழுந்த இடம், சட்டை வைத்திருந்த பெஞ்சு. கூட்டாளியின் தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, அப்படியே ஓடிவந்தார். மணி எட்டு ஐம்பது.

"நில்லுடா! இதென்ன கசாப்புக் கடையா?"

"புள்ளைக்கு ஞானஸ்நானம்ண்ணே. கூட்டாளிய மாடு குத்திருச்சு. விடுங்க."

"குளிச்சு, உடுத்தி, அடுத்த மாசம் வா."

"அடுத்த மாசம்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே."

பிரம்பு தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை. அடுத்தது வாயில். உதடு பிளந்து ஒரு பல் படியில் தெறித்தது. உள்ளே போதகர், "குழந்தையின் தகப்பனார் எங்கே?" என்று இரண்டாம் முறை கேட்டார்.

"வாசல்லதான் அடி வாங்கிட்டு நிக்கிறாரு ஐயா!" என்று சம்மட்டியின் மனைவி கத்தினாள்.

சம்மட்டி பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். வாசல்காரரின் கழுத்தைப் பிடித்துக் கதவில் மோதினார். ஒரு மோதல், மூக்கு உடைந்தது. இன்னொன்று, விதிப்பலகை ஆணியோடு கீழே விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியவர் நிறுத்திக்கொண்டு, அவருடைய கோட்டை உருவித் தான் மாட்டிக்கொண்டார். அக்குளில் தையல் பிரிந்தது.

"வெள்ளைதானேண்ணே? இப்ப போகலாமா?"

வாசல்காரர் எழுந்து, பின்னாலேயே உள்ளே வரக் காலெடுத்தார். குனிந்து, மூக்கு ரத்தம் வடிந்திருந்த தன் பனியனைப் பார்த்தார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

சம்மட்டி குழந்தையை ஏந்தினார். அவர் உதட்டிலிருந்து இரண்டு சொட்டு அதன் அங்கியில் விழுந்தது. போதகர் தண்ணீரை வார்த்தார். குழந்தை வீறிட்டது. மனைவி மட்டும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு சம்மட்டி கோட்டைத் துவைத்து, பிரிந்த இடத்தைத் தைத்துக் கொண்டுவந்தார். கழுத்துப் பட்டியில் கட்டைவிரல் அளவு கறை இருந்தது.

"தேய்ச்சுப் பாத்தேன்ணே. போகல."

"யார் ரத்தம்டா இது? உன்னோடதா, என்னோடதா, மாட்டோடதா?"

"மூணும் இருக்கும்ண்ணே."

வாசல்காரர் அதை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார். அதன் பிறகு நாலு வருடம் அந்தக் கோட்டில்தான் வாசலில் நின்றார். வேறு கோட்டு வாங்கித் தருவதாகச் சபை இரண்டு முறை சொல்லியும் மறுத்துவிட்டார். அந்த நாலு வருடத்தில், உடைக்காக ஒருவரும் திருப்பி அனுப்பப்பட்டதாகப் பதிவேட்டில் இல்லை.