பஸ் மெக்கானிக்கின் 'புகார் இல்லை'

பஸ் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர் 'காது'. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே மக்கர் என்று சொல்லிவிடுவார். ஊர் பஸ்களின் இருமலையெல்லாம் கேட்டவர், தன் இருமலை மட்டும் நாலு மாதம் கண்டுகொள்ளவில்லை.

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது பரவியிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை. கீமோவா, வேறு மருந்தா என்று முடிவு செய்ய, கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கட்டியில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அதற்கென்றே மாத்திரை உண்டு, தினம் ஒன்று போதும் என்று டாக்டரம்மா சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "இஞ்சினை இறக்காமலே ரிப்பேர்யா" என்று பணிமனை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

டாக்டரம்மா ஒரு நோட்டும் கொடுத்தார். எந்தத் தொந்தரவு வந்தாலும் அன்றைக்கே எழுத வேண்டும். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் போன் செய்ய வேண்டும். அங்கேதான் வந்தது வினை. பணிமனையில் டிரைவர் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். எழுதினால் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள் என்று நம் ஆள் முடிவுகட்டினார். அடுத்த ஸ்கேன் வரை இரண்டு மாதமும் நோட்டில் ஒரே வாசகம்: 'புகார் இல்லை'. முகத்தில் கொப்புளம் கிளம்பியதைப் பார்த்து மனைவி கேட்டபோது, புது பிளேடு என்று சமாளித்தார்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று டாக்டரம்மா திரையைக் கணவன் மனைவி பக்கம் திருப்பினார். பழைய படம், புதுப் படம்.

"பாதியா சுருங்கியிருக்கு. மருந்து நல்லா கேக்குது."

இவருக்கு வாயெல்லாம் பல். நாற்காலியில் உட்கார முடியவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். சந்தோஷத்தில் நாக்கு அவிழ்ந்துவிட்டது.

"அப்ப வயித்தால போனதெல்லாம் வீண் போகல."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "எத்தனை தடவை?"

"தினம் ஏழெட்டு."

அப்புறம் மடை திறந்த கதைதான். வாயில் புண். நக ஓரமெல்லாம் சீழ். ஸ்பானரைப் பிடித்தால் உயிர் போகிறது.

"சொன்னா மாத்திரையைப் பிடுங்கிடுவேன்னு நினைச்சீங்களா?" என்றார் டாக்டரம்மா. "சில நாள் நிறுத்தி, பேதி அடங்கினதும் அளவைக் குறைச்சுத் தருவேன். அப்பவும் கேக்கும். தோலுக்குக் களிம்பு இருக்கு, பேதிக்கு மருந்து இருக்கு. சொல்லாம, உடம்புல தண்ணி வத்தி விழுந்திருந்தீங்கன்னா, அப்பதான் ஆபத்து."

வெளியே வந்ததும் மனைவி நின்றாள்.

"இன்னும் எதை மறைச்சு வெச்சிருக்கீங்க?"

கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"பயம்," என்றார். "மாத்திரை நின்னா செத்துருவேன்னு பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான். நீங்க தைரியமா இருக்கீங்களேன்னு நானும் சொல்லல."