அடுப்புக்கு ஒரு குடம்

எழுபதுகளில் ஒரு கோடை. சதுரங்கப்பட்டினத்துக் கடலோரக் குப்பத்துக்கு மருமகளாகப் போய் இரண்டு பிள்ளைகள் பெற்றிருந்தேன். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சிய தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்தார் நர்சம்மா. தண்ணீருக்கு எங்கே போவது? மணலில் தோண்டிய ஒரே ஊற்றுதான் குப்பத்துக்கே. ஊற ஊறத்தான் மொள்ள முடியும். அதனால் ஊர்க் கட்டுப்பாடு: நாளைக்கு அடுப்புக்கு ஒரு குடம்.

அதற்குப் பிறகு அடுப்புகள் குட்டி போட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக்காரி மூன்று குடம் கொண்டுபோனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். மூன்று அடுப்பு இருந்தது. இரண்டில் கரியும் இல்லை, சாம்பலும் இல்லை.

“இன்னாடி இது, கொலு வச்சிகீறியா?”

“என் வூட்ல பதினோரு பேரு கீறோம். உன் வூட்ல நாலு பேரு. ரெண்டுக்கும் ஒரே கொடமா? இன்னா நாயம்?”

நியாயம்தான். அதுதான் எரிச்சல். உன்னை யார் அத்தனை பெறச் சொன்னது என்று வாய் வரை வந்தது. ஆனால் கட்டுமரம் தள்ள, வலை இழுக்க என் புருஷன் அவள் மகன்களைத்தான் நம்பியிருந்தார். வாயை மூடிக்கொண்டு வந்தேன். மறுநாள் என் வீட்டிலும் இரண்டாவது அடுப்பு முளைத்தது. பிள்ளைக்கு முன்னால் ஊர்க் கட்டுப்பாடு எனக்குப் பெரிதில்லை.

அந்த வாரம் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது. ஆள் குறைந்தால் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் என்றார் நர்சம்மா. பக்கத்து வீட்டுக்காரி கண்ணை இடுக்கினாள்.

“உங்க வூட்ல எத்தினி பேரும்மா?”

“மூணு பேரு. குவார்ட்டர்ஸ்ல இருக்கோம்.”

“எத்தினி கொடம் ஆவுது?”

“எண்ணினதில்லையே. குழாய்தானே.”

எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறாரா, இல்லை எங்களைக் குறைத்துவிட்டு ஊற்றையும் குழாயில் கொண்டுபோகவா? அந்த அம்மாள் மேலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சித்திரை முடிவதற்குள் ஒரு காலை, சங்கில் ஊற்றிய தண்ணீரைப் பிள்ளை துப்பினான். வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. நல்ல தண்ணீரை முந்திக்கொண்டு மொண்டு ஒளித்திருப்பாள் என்று பிள்ளையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவளோ என் வீட்டுக்குத்தான் கிளம்பி நின்றாள், அதே சந்தேகத்தோடு. அவள் குடத்தில் விரல் விட்டு நக்கினேன். என் வீட்டுக்கு வந்து என் குடத்தில் அவள் நக்கினாள்.

“உன்துமா கரிக்குது?” என்றாள்.

ஊற விடாமல் எல்லோரும் சுரண்டிச் சுரண்டி மொண்டதில் ஊற்றுக்குள் கடல் வந்துவிட்டிருந்தது. இடுப்பில் பிள்ளை உலர்ந்த உதட்டோடு தண்ணீருக்கு அழுதான்.