பேத்தி பிறந்தது எந்த மாவட்டம்?

எங்கள் பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் ‘வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்’ என்று அச்சாகியிருக்கிறது. திண்டுக்கல்லிலேயே பிறந்து, திண்டுக்கல்லிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள், எங்கள் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது என்றெல்லாம் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவள் நான். அதனால் நடந்ததை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். அது போன ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

மகளை மதுரையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. ஆனால் ஊர்ப்பெருமை பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எனக்கும் மதுரை மேல் பழைய பொறாமை உண்டு. எங்கள் மாவட்டத்து நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கிற பூவுக்குப் பெயர் மதுரை மல்லி. சின்னாளபட்டிக்காரர்கள் கைவலிக்க முடிச்சுப் போடுகிற சேலைக்குப் பெயர் மதுரைச் சுங்குடி. எங்களுக்கென்று மிஞ்சியது பூட்டும் பிரியாணியும்தான்.

“பூவு எங்க தோட்டத்துல பூக்குது, பேரு மட்டும் உங்களுக்கா மதினி?” என்று கல்யாணத்தன்றே கேட்டுவிட்டேன்.

“எங்க பூத்தா என்ன மதினி, யாரு தலையில ஏறுதுங்கறதுதான பேச்சு? பூட்டு உங்க ஊருல செய்வீக. பூட்டி வைக்க நகை எங்க ஊருலதான இருக்கு!” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

மகள் உண்டானபோது எனக்கு ஒரு பிடி கிடைத்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அந்த வழக்கத்தை எந்த மதுரைக்காரரும் மாற்ற முடியாது. வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துக் கொண்டு புறப்படும்போது, “பெறக்கப் போறது திண்டுக்கல் புள்ள, மறந்துடாதீக” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். பதில் இல்லாத சம்பந்தியம்மா முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் மருமகளைப் பார்க்கப் பலகாரத்தோடு சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு வலி எடுத்தது. நாங்கள் காட்டி வந்த டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, “பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. தாமதிக்காம மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார்.

மதுரை! அந்தப் பதற்றத்திலும் அந்தச் சொல் என்னைக் குத்தியது. சம்பந்தியம்மா ஏதாவது சொல்வார் என்று திரும்பினேன். அவர் மகளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்து நின்ற ஆம்புலன்சில் ஏறிவிட்டார்.

வண்டி நாலுவழிச் சாலையில் பறந்தது. சம்பந்தியம்மா மகளின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் கையைப் பிடித்திருந்தேன். சின்னாளபட்டி போனது. அம்பாத்துரை போனது. வழியிலேயே பிறந்தாலும் இதுவரை நம்ம மாவட்டம்தான் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டதை மறைக்கப் போவதில்லை. கொடைரோடும் போனது.

சற்று நேரத்தில் ஆம்புலன்சில் இருந்த நர்ஸ் பெண் டிரைவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைத் தட்டினாள். “அண்ணே, ஓரங்கட்டுங்க. தல தெரியுது!”

ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி ஆடியது. மகள் ஒருமுறை அலறினாள். அடுத்து நர்ஸின் கையில் நீலம் பாய்ந்த ஒரு சின்ன உடம்பைப் பார்த்தேன்.

குழந்தை அழவில்லை.

நர்ஸ் அதன் முதுகைத் தேய்த்தாள். வாயைத் துடைத்தாள். பாதத்தைச் சுண்டினாள். அழவில்லை. “என்னம்மா, ஏன் சத்தமே காணோம்?” என்று மகள் கேட்டாள்.

சம்பந்தியம்மா என் தோளை இறுகப் பிடித்தார். “கோட்டை மாரியம்மா, ஒன் ஊருப் புள்ளதான், நாங்க யாரும் கேக்க மாட்டோம், அழ வையி தாயி” என்று எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட்டார். என் வாயிலும் என் ஊர் அம்மன் வரவில்லை. “மீனாட்சித் தாயே, மதுரைக்காரியாவே இருக்கட்டும், ஒனக்கே குடுத்துட்டேன்” என்று நான் கதறிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு விக்கல் மாதிரி கேட்டது. பிறகு ஓர் அழுகை. லாரிச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அப்படி ஓர் அழுகை. சம்பந்தியம்மாவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். பெண் குழந்தை என்பதையே அதற்குப் பிறகுதான் கேட்டோம்.

வாடிப்பட்டி ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து, நல்லபடியாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வராந்தாவில் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

“மதினி, மதுரைக் காத்து பட்டதுக்கப்புறந்தான் அழுதா, பாத்தீகளா?”

“கோட்டை மாரியம்மனுக்கு எழுதிக் குடுத்தது யாரு?”

“பயத்துல சொன்னதெல்லாம் கணக்குல வருமா? அப்ப நீங்க மீனாட்சிக்குக் குடுத்தது?”

சேர்த்த ஆஸ்பத்திரியையே பிறந்த இடமாகப் போட்டுச் சான்றிதழ் வந்தபோது அதைப் படமெடுத்து முதலில் எனக்கு அனுப்பியவர் அவர்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்தப் பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். “அண்ணே, இது எந்த மாவட்டம்?” என்று கேட்டேன்.

கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே சொன்னார்: “எல்லைக்கு ஒரு புளியமரம் நின்னுச்சுக்கா. அதுக்கு இங்கிட்டு திண்டுக்கல்லு, அங்கிட்டு மதுரைன்னு சொல்லுவாக. ரோடு போடுறப்ப மரத்த வெட்டிட்டாங்க. அது கடைக்கு இங்கிட்டு நின்னுச்சா அங்கிட்டு நின்னுச்சான்னு, சத்தியமா எனக்கு நெனப்பில்ல.”

பேத்தி இப்போது மதுரையில் வளர்கிறாள். வீடியோ காலில் சம்பந்தியம்மாவின் மடியில் உட்கார்ந்து, அவர் சூட்டிய மல்லிகையைப் பிய்த்துத் தின்னப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமைதான். ஆனால் அந்தப் பஞ்சர் கடை ஓரத்தில் இரண்டு ஊரையும் நாங்கள் தூக்கிப் போட்ட அந்தச் சில நொடிகளை நினைக்கும்போது, பொறாமைப்படவாவது எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாளே என்று தோன்றும். என் குறிப்பில் அவள் பெயருக்கு நேரே பிறந்த இடத்தை இன்னும் எழுதவில்லை. வண்டி நின்றது அந்தப் புளியமரத்துக்கு எந்தப் பக்கம் என்பது இதுவரை உறுதிப்படவில்லை.