பதினோரு ஒன்றுகள்

சகாயநாதன் வாத்தியாரை எங்கள் தெருவில் ‘மீதி வாத்தியார்’ என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை பிலவேந்திரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து வியட்நாம் சண்டைக்குப் போனான். 1954இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம், தகவல் வந்தது: காணவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

சின்ன வயதில் அவன் கூடத்துச் சுவரில் கரியால் பதினோரு கோடுகள் கிழித்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். வாத்தியார் கண்ணுக்கு அது கோடல்ல, எண். ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அது பகா எண்ணாக இருந்தால், எதனாலும் மீதியில்லாமல் வகுபடாமல் நின்றால், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். மனைவி ஆரோக்கியம்மாளிடமும் சொன்னார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது? பெற்ற மனம் பித்து, வேறென்ன சொல்ல?

மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று தொடங்கினார். தினமும் சாயங்காலம் சிலேட்டுப் பலகையும் கையுமாக உட்காருவார். வகுக்கும் எண்ணைப் பிரெஞ்சு வழக்கப்படி வலப்பக்கம் எழுதுவார். எழுத்துத் தெரியாத ஆரோக்கியம்மாள் காப்பியோடு வந்து கேட்பாள்.

“மீதி வந்துதாங்க?”

“வந்துது.”

அதைச் சொன்னால்தான் இருவருக்கும் சோறு இறங்கும்.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. 1961 மழைக்காலத்தில் ஒரு நாள் 21,649ஆல் வகுத்தார். ஈவு 5,13,239. மீதி சைபர். மறுபடி போட்டார். சைபர்தான். கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பலகையை அழித்தார்.

“மீதி வந்துதாங்க?”

“வந்துது.”

மறுநாளும் விடாமல் வகுத்தார். உடைந்துபோன எண்ணையும் வேறு எண்களால் வகுத்தால் மீதி வரத்தானே செய்யும். “அந்த ஒரு நாள்தான்யா பொய் சொன்னேன்” என்று பிறகு என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுவருஷம் கல்லறைத் திருநாள் பூசை. வீட்டார் கொடுத்திருந்த இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசித்தார். “பிலவேந்திரன் ஆத்தும இளைப்பாற்றிக்காக” என்றார். வாத்தியார் பெண்கள் பக்கம் திரும்பினார். ஆரோக்கியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில்தான் கேட்டார்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்க கொல்லைக்குப் போனப்போ பலகையில கடைசியா சுழி மட்டும் நின்னுது. எழுத்துதான் தெரியாது, சுழிகூடவா தெரியாது?”

“அப்புறமும் தெனம் கேட்டியே?”

“கேக்கலன்னா நீங்க ஒரு வாய் சாப்பிட்டிருப்பீங்களா?”

அன்று அவர் பலகையை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தார்கள், அந்தச் சுவரையும் சேர்த்து.